சாட்சியா, யூகமா? பழைய படங்களும் ஏஐ கைவண்ணமும்

1715-ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாம் நகரக் காவல்படையின் மண்டபத்தில் இருந்த ஒரு பெரிய ஓவியத்தை நகரமன்றக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். ரெம்ப்ரான்ட் 1642-இல் வரைந்த ‘இரவுக் காவல்’ அது. புதிய இடத்தில் இரண்டு கதவுகளுக்கு நடுவே இருந்த சுவருக்குள் ஓவியம் அடங்கவில்லை. உடனே அதன் நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டார்கள். இடப்பக்கம் சுமார் 60 செ.மீ., மேலே 22, கீழே 12, வலப்பக்கம் 7. இடப்பக்கத் துண்டோடு இரண்டு ஆண்களும் ஒரு குழந்தையும் ஓவியத்திலிருந்தே போய்விட்டார்கள். அந்தத் துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

2021 ஜூன் மாதம் அதே நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இந்த ஓவியம் மறுபடி முழு அளவில் காட்சிக்கு வந்தது. காணாமல்போன ஓரங்களை நிரப்பிக் கொடுத்தது செயற்கை நுண்ணறிவு. அந்தப் படம் உலகமெங்கும் பகிரப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை ஏஐ மெருகேற்றிய ஓவியங்களும் வண்ணம் ஏற்றிய பழைய புகைப்படங்களும், இருந்ததே இல்லாத காட்சிகளும்கூட, நம் கைபேசிக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் எது மீட்பு, எது யூகம், எது வெறும் கற்பனை என்று பிரித்துப் பார்க்க, அவை உருவாகும் விதத்தைத் தெரிந்துகொள்வதே நல்ல வழி.

பாடம் கேட்ட கணினி

ரெம்ப்ரான்ட் பணியில் விஞ்ஞானிகளுக்கு ஒரு சாட்சி இருந்தது. ஓவியம் வெட்டப்படுவதற்கு முன்பே, அதே 17-ஆம் நூற்றாண்டில், கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் அதைச் சிறிய அளவில் நகல் எடுத்திருந்தார். அசலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள அந்த நகல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்குச் சொந்தமானது. ஓரங்களில் யார் நின்றார்கள், என்ன இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் லுண்டன்ஸின் கைவண்ணம் வேறு, நிறக்கலவையும் வேறு. நகலில் உருவங்கள் இருக்கும் இடமும் அங்கங்கே சற்று விலகியிருக்கிறது.

அருங்காட்சியகத்தின் விஞ்ஞானி ராபர்ட் எர்ட்மான் மூன்று நரம்பு வலைப்பின்னல்களைப் பயன்படுத்தினார். முதலாவது, அசலுக்கும் நகலுக்கும் பொதுவான இடங்களைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, நகலின் கோணல்களை நிமிர்த்தி அசலோடு பொருத்தியது. மூன்றாவதற்குத்தான் ஓவியப் பாடம். லுண்டன்ஸ் வரைந்த ஒரு சிறு கட்டத்தைக் கொடுத்து, இதை ரெம்ப்ரான்ட் வரைந்தால் எப்படி இருக்கும் என்று கணினியைக் கேட்டார்கள். அது தந்த விடையை ரெம்ப்ரான்ட் உண்மையிலேயே வரைந்த அதே கட்டத்தோடு ஒப்பிட்டுப் பிழையைச் சுட்டினார்கள். கட்டம் கட்டமாகத் திரும்பத் திரும்ப இதே பயிற்சி. வெடிப்பு விழுந்த வண்ணப் பூச்சு, இருளிலிருந்து எழும் ஒளி என எல்லாவற்றையும் கணினி இப்படித்தான் கற்றது. அதன்பிறகே வெட்டுப்பட்ட ஓரங்களை வரையச் சொன்னார்கள்.

இந்த முறையின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விடை தெரிந்த இடங்களில் கணினியைச் சோதித்துவிட்டு, விடை தெரியாத இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவைக் கான்வாஸில் அச்சிட்டு, வார்னிஷ் பூசி, அசலைத் தொடாமல் அதன் ஓரங்களில் பொருத்தினார்கள். சுமார் மூன்று மாதம் காட்சிக்கு வைத்துவிட்டுக் கழற்றியும் விட்டார்கள். எது ரெம்ப்ரான்ட், எது கணினி என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. கிடைத்த பலனும் பெரியது. வெட்டிய ஓவியத்தில் நடுவில் நிற்கும் தளபதியும் அவருடைய துணைத் தளபதியும் முழு ஓவியத்தில் சற்று வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். இடப்பக்கம் கிடைத்த வெற்றிடத்தை நோக்கிப் படை நடக்கத் தொடங்குகிறது. ரெம்ப்ரான்ட் வரைந்தது நின்று போஸ் கொடுக்கும் கூட்டத்தை அல்ல, புறப்பட்டுவிட்ட படையை என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

இருப்பதை எடுப்பது வேறு

சில படங்களில் யூகத்துக்கே வேலையில்லை. ரஷ்யாவின் செர்கேய் புரோகுதின் கோர்ஸ்கி, முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாக மூன்று முறை கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1948-இல் அவருடைய கண்ணாடித் தகடுகளை வாங்கிப் பாதுகாக்கிறது. ஒரு காட்சியின் மூன்று பதிவுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினால் நூறாண்டுக்கு முந்தைய உண்மையான நிறங்களே எழுந்து வருகின்றன. யாரும் வண்ணம் ஏற்றவில்லை. நிறம் பற்றிய தகவல் தகட்டிலேயே இருந்தது.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் கரியாகிப்போன பாப்பிரஸ் சுருள்களின் கதையும் இதுதான். பிரித்தால் உதிர்ந்துவிடும் சுருளை எக்ஸ்ரே மூலம் உட்புறமாகப் படமெடுத்து, மை பட்ட இடத்தில் இருக்கும் நுண்ணிய மாற்றத்தை ஏஐ-யைக் கொண்டு தேடினார்கள். 2024 பிப்ரவரியில் மூன்று மாணவர்கள் 7 லட்சம் டாலர் பரிசை வென்றார்கள். அவர்கள் படித்துக் காட்டியது 2,000-க்கும் மேற்பட்ட கிரேக்க எழுத்துகளை. தனித்தனியாக முயன்ற வேறு குழுக்களுக்கும் அதே எழுத்துகள் தெரிந்தன. இதை மீட்பு என்று தயங்காமல் சொல்லலாம்.

சாம்பல் நிறத்துக்குள் எந்த நிறம்?

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றும் செயலிகளின் வேலை அப்படிப்பட்டதல்ல. பல லட்சம் வண்ணப் படங்களை எடுத்து, நிறத்தை நீக்கிவிட்டு, நீக்கிய நிறம் என்னவென்று சொல்லப் பழகிய கணினி அது. புல் என்றால் பச்சை, வானம் என்றால் நீலம் என்று சரியாகச் சொல்லிவிடும். ஆனால் ஒரு புடவை மயில்நீலமா, கருஞ்சிவப்பா என்பது சாம்பல் நிறத்தில் இல்லை. இரண்டும் ஒரே அளவு சாம்பலாக விழக்கூடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியை மட்டுமே நன்றாக உள்வாங்கின. அதனால் நீலம் வெளுத்து வெள்ளையாகவும், சிவப்பும் மஞ்சளும் கறுத்தும் விழுந்தன. குங்குமச் சிவப்புப் பட்டு அந்தக் காலப் படத்தில் கறுப்புப் புடவையாகத் தெரியும். இன்றைய செயலிக்கு இந்த வேதியியல் தெரியாது. கறுப்பைக் கறுப்பு என்றே எடுத்துக்கொள்ளும். நாம் அதைப் பார்த்து, கொள்ளுப்பாட்டி அடர்ந்த நிறமே விரும்பி உடுத்தினாள் என்று நம்பிவிடுவோம்.

முகத்தைத் துல்லியமாக்கும் செயலிகளிலும் இதே ஆபத்து இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பல்ஸ்’ என்ற கருவி, சில பிக்சல்களே உள்ள மங்கிய முகத்திலிருந்து தெளிவான முகத்தை உருவாக்கிக் காட்டியது. யாரோ ஒருவர் பராக் ஒபாமாவின் மங்கிய படத்தை அதில் கொடுத்துப் பார்த்தார். வந்தது ஒரு வெள்ளையரின் முகம். அந்தக் கருவி ஒபாமாவை மீட்க முயலவே இல்லை. தான் பழகிய முகங்களின் சாயலில், அந்தச் சில பிக்சல்களுக்குப் பொருந்தும் ஒரு கற்பனை முகத்தைத் தந்தது. வெள்ளையர் முகங்களையே அதிகம் பார்த்துப் பழகியிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

வாக்கியம் கொடுத்தால் படம் தரும் ஏஐ கருவிகளுக்கு இந்தச் சில பிக்சல்கள்கூடத் தேவையில்லை. அவற்றில் பல, வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கி, சொன்ன சொற்களுக்கு ஏற்பப் படிப்படியாகக் குழப்பத்தை நீக்கி உருவம் காட்டுபவை. ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் 2023-இல் சோனி உலகப் புகைப்பட விருதுகளின் ஒரு பிரிவில் வென்றார். இரண்டு பெண்கள் இருக்கும் பழங்காலக் கறுப்பு வெள்ளைப் படம் அது. படம் ஏஐ தயாரித்தது என்று தாமே அறிவித்து விருதை மறுத்துவிட்டார். புகைப்படத்தையும் ஏஐ படத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது அவர் வாதம்.

இதெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி துவோல் ஸ்லெங் சிறையில் ஆயிரக்கணக்கானோரை அடைத்துக் கொன்றது. சாவுக்கு முன் அவர்களை எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. 2021 ஏப்ரலில் ஓர் இணைய இதழ் அவற்றில் சிலவற்றுக்கு வண்ணம் ஏற்றி வெளியிட்டது. சில முகங்களில் அசலில் இல்லாத புன்னகை இருந்தது. உறவினர்கள் கொதித்தார்கள், கம்போடிய அரசு கண்டித்தது, படங்கள் நீக்கப்பட்டன. இறந்தவரின் அச்சத்தைத் துடைத்துவிட்டுச் சிரிப்பை ஒட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம்.

பழைய ஓவியங்களையும் அரிய படங்களையும் தேடி எடுத்து நாலு பேருக்குக் காட்டுகிறவர்கள் நல்ல தொண்டு செய்கிறார்கள். ஏஐ-யை வைத்து விளையாடிப் பார்ப்பதிலும் தவறில்லை. ஆனால் படத்தோடு மூன்று செய்திகளைச் சேர்த்து எழுதுங்கள்: அசல் எங்கிருந்து கிடைத்தது, அதில் எதை மாற்றினீர்கள், எந்தக் கருவியால் மாற்றினீர்கள். படம் எப்படி உருவானது என்ற விவரத்தை அதனுள்ளேயே பதிக்கும் தொழில்நுட்பங்கள் வந்திருந்தாலும், ஃபார்வர்டு ஆகும் வழியிலும் ஸ்கிரீன்ஷாட்டிலும் அந்த விவரம் உதிர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும்படி எழுதிய ஒரு வரி அவ்வளவு எளிதில் உதிராது. வீட்டுப் பழைய படத்துக்கு வண்ணம் ஏற்றினால், அசலையும் பக்கத்திலேயே போடுங்கள். அந்தப் புடவை என்ன நிறம் என்று தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், செயலியைத் திறப்பதற்கு முன் அவரைக் கேளுங்கள்.