பவாய் நிரம்பினால் தாராவியில் மறுகால்

மழைக்காலம் வந்தால் மும்பை மாநகராட்சியிடமிருந்து ஒரு சிறு அறிவிப்பு வரும்: பவாய் ஏரி நிரம்பிவிட்டது, உபரிநீர் மித்தி ஆற்றில் போகிறது. அணைக்கு மேலே தண்ணீர் வெள்ளை நுரையாக வழிவதைப் பார்க்கக் குடையும் கைப்பேசியுமாகக் கூட்டம் கூடும். தாராவியில் இருக்கும் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு அதே செய்தி வேறு மாதிரி காதில் விழும். குளம் நிரம்பி வழிந்தால் அவர்கள் ஊரில் 'மறுகால் பாய்கிறது' என்பார்கள். பவாயின் மறுகால்தான் மித்தி. அது கடலில் கலக்கும் முன் உரசிக்கொண்டு போகும் கடைசிக் குடியிருப்புகளில் ஒன்று தாராவி.

தொண்ணூறு அடி சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் ஒரு மழைநாளில், "பவாய் நெறஞ்சிட்டாம், அண்ணாச்சி" என்றேன். தரையில் இருந்த அரிசி மூட்டையைப் பலகை மேல் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "ஊர்ல மறுகால் பாஞ்சா பொம்பளைங்க குலவை போடுவாங்க, தம்பி. இங்க மூட்டையத் தூக்கி மேல வைக்க வேண்டியிருக்கு."

பவாய் ஏரியைச் 'சுற்றுலாத் தலம்' ஆக்குவது பற்றி எந்தத் திட்டம் வந்தாலும், எனக்கு அந்த மூட்டைதான் நினைவுக்கு வருகிறது.

குடிநீருக்காகக் கட்டியது

மாநகராட்சிக் கணக்குப்படி பவாய் ஏரி 1890-இல், சுமார் 12.59 லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டது. நீர்ப்பிடிப்புப் பகுதி 6.61 சதுர கிலோமீட்டர். நிரம்பினால் சுமார் 545 கோடி லிட்டர். ஊரின் தாகத்துக்காகக் கட்டிய ஏரி அது. இன்று அதன் தண்ணீர் குடிக்க உதவாது. ஆலைகளின் உபயோகத்துக்கும் ஆரே பால் குடியிருப்புக்கும் மட்டும் போகிறது.

ஏரியைச் சுற்றி நகரம் வேகமாக வளர்ந்தது. 1958-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. இங்கே வந்தது. தொழிற்சாலைகளும் உணவு விடுதிகளும் அடுக்குமாடிகளும் வந்தன. 'ஏரி தெரியும் வீடு' என்று சொல்லியே விலை ஏற்றினார்கள். அந்த வீடுகளின் கழிவு எங்கே போகிறது என்று யாரும் விளம்பரத்தில் போடவில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 1.8 கோடி லிட்டர் கழிவுநீர் ஏரியில் கலக்கிறது.

கழிவுநீர் ஏரிக்கு உரம் மாதிரி. அதைத் தின்று ஆகாயத்தாமரை கொழுக்கிறது. பச்சைப் பாய் விரித்ததுபோல் அது நீரை மூடிவிட, அடியில் வெளிச்சம் போகாது. செத்த இலைகள் அழுகும்போது நீரில் கரைந்த உயிர்க்காற்று குறைகிறது, மீன் மிதக்கிறது. இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள். உரம் நிற்காதவரை செடியும் நிற்காது. நிலத்தில் நின்று பார்த்தால் வயல்வெளி போல அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஏரிக்கு வந்த காய்ச்சல்.

உள்வாயில் ஒரு பாதை

இந்த நிலையில்தான் ஏரியைச் சுற்றி மிதிவண்டிப் பாதையும் நடைபாதையும் அமைக்க மாநகராட்சி இறங்கியது. கம்பி வலைக்குள் கற்களை அடுக்கிப் போடுவதால் தண்ணீர் கசிந்து போகும், கேடு வராது என்றது. மக்கள் ஏரியை நெருங்கி ரசிக்க வழி வேண்டாமா என்றும் கேட்டது. கேள்வியில் நியாயம் உண்டு. மூச்சு முட்டும் இந்த ஊரில் ஒரு ஏரிக்கரை எவ்வளவு பெரிய வரம் என்பது, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக இடம் தேடும் எல்லாத் தாய் தகப்பனுக்கும் தெரியும்.

ஆனால் பாதை போனது கரை மேல் அல்ல, உள்வாயில். கோடையில் நீர் இறங்கும்போது வெளிப்படும் அந்தச் சேற்று விளிம்பில்தான் பவாயின் முதலைகள் வெயில் காய்கின்றன. நீர்ப்பறவைகள் இரை தேடுகின்றன. நமக்கு வெறும் சேறாகத் தெரிவது அவற்றுக்கு வீடு. ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்களும் சூழலியல் அமைப்பும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது குடிநீருக்காக மனிதர் கட்டிய ஏரி, ஈரநில விதி இதற்குப் பொருந்தாது என்று மாநகராட்சி வாதிட்டது. 2022 மே 6 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்தப் பணி சட்டவிரோதம் என்றது. கட்டியதை அகற்றி, இடத்தைப் பழையபடி ஆக்கித் தரச் சொன்னது.

அந்தத் தீர்ப்பைச் சிலர் வளர்ச்சிக்கு விழுந்த முட்டுக்கட்டை என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கரை எது, குளம் எது என்று அது கோடு போட்டுக் காட்டியது.

பூட்டிய ஏரியும் திறந்த ஏரியும்

பவாய்க்கு வடக்கே, 1860-இல் முடிந்த விஹார் ஏரி இருக்கிறது. அதே மழை, அதே மலைச்சாரல். விஹாரைக் காடு சூழ்ந்திருக்கிறது. பொதுமக்கள் நினைத்தபடி உள்ளே போக முடியாது. இன்றும் அது மும்பைக்குக் குடிநீர் தருகிறது. காட்டுக்குப் பக்கத்தில் இருந்தது குடிநீராகவே நின்றது. கட்டடங்களுக்குப் பக்கத்தில் இருந்தது கழிவுநீர்த் தொட்டி ஆனது.

அதற்காக எல்லா ஏரியையும் பூட்டிவிட முடியுமா? வேண்டியதில்லை என்பதற்கு நம் ஊரே சாட்சி. வேடந்தாங்கலில் ஏரிக்கரை மேல் நடந்து போகிறோம். பறவைகள் ஏரிக்குள், நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. கரையில் மனிதர், உள்ளே பறவை. ஒருவர் எல்லைக்குள் ஒருவர் போவதில்லை. எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்று கண்ட உழவர்கள், 1798-இலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமம் அது. ஏரி நன்றாக இருந்தால்தான் நாம் நன்றாக இருப்போம் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியும். சுற்றுலா பிறகுதான் வந்தது.

மும்பையிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. தானே கடற்கழி 2015-இல் பூநாரைச் சரணாலயமாகி, 2022-இல் ராம்சர் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஐரோலியிலிருந்து வனத்துறை படகு விடுகிறது. கடல் ஏற்றம் பார்த்துத்தான் படகு கிளம்பும். பறவையின் நேரத்துக்கு நாம் போகிறோம். நம் நேரத்துக்குப் பறவை வருவதில்லை.

வேலையை வரிசையாகச் செய்வோம்

பவாய்க்கும் வேண்டியது இந்த ஒழுங்குதான். முதலில் கழிவுநீர் உள்ளே வராமல் தடுத்துச் சுத்திகரிக்க வேண்டும். அடுத்து, நீர் ஏறும் இடம் வரை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். அதற்குப் பிறகு, சாலை ஓரமும் அணைப்பக்கமும் ஏற்கெனவே மனிதர் புழங்கும் இடத்தில் நடைபாதை போடலாம், பறவை பார்க்க மேடை கட்டலாம். வழிகாட்டும் வேலையைச் சுற்றியுள்ள ஆதிவாசிக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். இந்த வரிசை மாறினால், நாற்றத்தின் ஓரமாக அழகான பாதை ஒன்று போட்டு வைத்திருப்போம்.

மேலே செய்யும் தவறு கீழேதான் வந்து தங்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. குறுகிப்போன, குப்பை அடைத்த மித்தியால் அந்த வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை. பவாய் மாடியில் இருந்தவருக்கு அது ஒரு மழை. மித்திக்கரையில் ஒற்றை அறையில் இருந்தவருக்கு அது வாழ்நாள் சேமிப்பு.

முடியாத காரியம் எதுவும் இல்லை. தாராவியை ஒட்டி, மித்திக் கரையில், ஒரு காலத்தில் குப்பை மேடாக இருந்த 37 ஏக்கரில் இன்று மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா நிற்கிறது. 1994-இல் திறந்தார்கள். குப்பையை மூடி மண் போட்டு, மரம் நட்டுக் காத்திருந்தார்கள், காடு வந்தது. அதன் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பட்டாம்பூச்சி பார்க்க வந்தார்கள். வரிசை மாறாமல் நடந்த வேலை அது.

தாமிரபரணிக் கரையில் ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குச் சொத்து. மேல்குளத்துக்காரன் தண்ணீரைக் கெடுத்தால் கீழ்க்குளத்துக்காரன் கேள்வி கேட்பான். அந்த உரிமையைத் தாராவியும் கேட்க வேண்டும். பவாயில் எந்தத் திட்டம் எழுதினாலும் அந்தக் கூட்டத்தில் மித்திக்கரைக்காரருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். பவாய் நிரம்பிய செய்தி வந்தால் அண்ணாச்சியின் அரிசி மூட்டை தரையிலேயே இருக்க வேண்டும்.