எட்டுக்கு ஐம்பத்தாறு

ஜெர்மனியில் காட்டுப்பன்றி பகலில் தலைகாட்டுவது அபூர்வம். பொழுது சாய்ந்து, ஆள் அரவம் அடங்கிய பிறகுதான் புதரைவிட்டு இறங்கும். மக்காச்சோளக் கொல்லையில் ஒரு கூட்டம் புகுந்தால் போதும், விடிவதற்குள் பயிர் சாய்ந்து கிடக்கும். அந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டியவர் அந்தப் பகுதியின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர். அதனால் அவர் வயலோரத்து மரப்பரணில் ஏறி, நிலா வெளிச்சத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறார். சட்டமும் இடம் தருகிறது. சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, மறுநாள் உதிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்புவரை உள்ள பொழுதைத்தான் ‘இரவு’ என்கிறது ஜெர்மன் வேட்டைச் சட்டம். அந்த நேரத்தில் மானைச் சுடக் கூடாது. பன்றிக்கு மட்டும் விலக்கு.

இப்படிப் பரணில் காத்திருப்பவரின் துப்பாக்கி மேல் பல தலைமுறைகளாக இருந்துவந்த ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், அளவு 8×56. முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அடுத்தது, முன்பக்கத்து லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். முதன்முறை கடைக்குப் போகிறவர் எல்லோருமே முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எட்டைவிடப் பதினாறு நல்லது, பதினாறைவிட இருபத்துநான்கு இன்னும் நல்லது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பரணில் உட்காருகிறவருக்கு வேண்டியது வெளிச்சம்.

56-ஐ 8-ஆல் வகுத்தால் 7. ஸ்கோப்பின் பின்பக்கம் வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, 7 மி.மீ. கும்மிருட்டில் ஓர் இளைஞனின் கண்பாவை விரியும் அளவும் ஏறத்தாழ 7 மி.மீ.தான். ஸ்கோப் கொடுப்பதைக் கண் முழுதாக வாங்கிக்கொள்கிறது. அதே 56 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு 16 மடங்குக்குப் போனால் கற்றை மூன்றரை மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். பன்றி பெரிதாகத் தெரியும், ஆனால் இருட்டாகத் தெரியும். வயலோரத்து நிழலில் நிற்பது தனிப் பன்றியா, குட்டிகளுடன் நிற்கும் தாயா என்று பிரித்தறிய வேண்டிய நேரத்தில் அந்தப் பெரிய இருட்டால் ஒரு பயனும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வயது ஏற ஏறக் கண்பாவை விரிவது குறைகிறது. ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இருட்டிலும் 5 மி.மீ. அளவோடு நின்றுவிடும். விலையுயர்ந்த 56 மி.மீ. கண்ணாடியை வாங்கும் வசதி வரும் வயதில், அது தரும் வெளிச்சத்தை முழுதாக வாங்கிக்கொள்ள அவர்கள் கண்ணால் முடிவதில்லை. அதற்காகப் பணம் தண்டம் என்றும் சொல்லிவிட முடியாது. கற்றை அகலமாக இருந்தால் கண்ணை மயிரிழை பிசகாமல் வைக்க வேண்டியதில்லை. குளிரில் விறைத்துப்போய், தடித்த கோட்டோடு அவசரமாகத் துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது இந்தச் சலுகையின் அருமை தெரியும்.

லென்ஸ் பெரிதாக இருந்தால் மட்டும் வெளிச்சம் வந்துவிடாது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி பிரதிபலித்துப் போய்விடும். ஸ்கோப்புக்குள் அடுக்கடுக்காக லென்ஸ்கள் இருப்பதால், பத்துப் பரப்புகளைக் கடந்தாலே மூன்றில் ஒரு பங்கு ஒளி காலி. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய உக்ரைன் இயற்பியலாளர் அலெக்சாண்டர் ஸ்மகுலா, லென்ஸ் மேல் மிக மெல்லிய படலம் பூசி இந்த இழப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நல்ல ஸ்கோப் 90 சதவீதம் ஒளியைக் கண்ணுக்குக் கொண்டுவருகிறதென்றால் அதன் வேர் அங்கேதான். ஜெர்மன், ஆஸ்திரிய ஸ்கோப்புகளில் பல துப்பாக்கியைவிட விலை கூடுதலாக இருப்பதற்கு இந்தப் பூச்சும் கண்ணாடியும் ஒரு பெரிய காரணம். குழாயின் விட்டம் 25.4 மி.மீ.க்குப் பதில் 30 மி.மீ. இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே குறியை நகர்த்திச் சரிசெய்ய இடம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கதை வேறு. பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கி, மறைந்து அரை மணி நேரம் வரைக்கும்தான் மான் வேட்டைக்கு அனுமதி. நிலாவை நம்பிச் சுடுகிற நிலையே அங்கே இல்லை. கிழக்குப் பகுதிக் காடுகளில் வெள்ளைவால் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் கண்ணில் படும். அதனால்தான் அங்கே 3-9×40 என்ற, மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை மாற்றிக்கொள்ளக்கூடிய அளவு கிட்டத்தட்ட வேட்டை ஸ்கோப்புக்கு மறுபெயராகிவிட்டது. அதில் ஒன்பதைவிட மூன்றுதான் முக்கியம் என்பேன். 3 மடங்கில் பார்த்தால் 100 கஜ தூரத்தில் சுமார் பத்து மீட்டர் அகலக் காட்சி தெரியும். 9 மடங்கில் அது நான்கு மீட்டராகக் குறுகிவிடும். முப்பது அடி தூரத்தில் திடீரென்று புதர் விலகி மான் வந்து நின்றால், ஒன்பதில் வைத்திருப்பவருக்குத் தெரிவது வெறும் ரோமம். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் தோள் என்று தேடுவதற்குள் மான் போய்விட்டிருக்கும். 20 மடங்குக்கு மேல் காட்டும் ஸ்கோப்பை வாங்கியவர்களின் கதியைக் கேட்கவே வேண்டாம். கை நடுக்கமும் நெஞ்சுத் துடிப்பும்கூட அதே இருபது மடங்குதான் தெரியும்.

ஆரெகன் மாநிலத்தில் நில அளவைக் கருவிகள் பழுதுபார்க்கும் கடையாக 1907-இல் தொடங்கியது லூபோல்ட் நிறுவனம். ஸ்கோப்புக்குள் ஈரம் பனித்து மறைத்ததால் குடும்பத்தில் ஒருவர் மானைத் தவறவிட்டார், அந்த எரிச்சலில்தான் சொந்தமாக ஸ்கோப் செய்யத் தொடங்கினோம் என்பது அந்த நிறுவனமே சொல்லிவரும் கதை. அவர்களின் முதல் ஸ்கோப் 1947-இல் வந்தது. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்பி அடைக்கும் முறை பிற்பாடு பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொதுவாகிவிட்டது. ஆகவே இன்று ஈரம் பனிக்காத ஸ்கோப் என்பதைச் சிறப்பாகச் சொல்லி விற்கிறவரிடம் ‘அது இருக்க வேண்டியதுதானே’ என்று கேட்கலாம்.

குறிக்கோடுகளுக்கு வருவோம். ஐரோப்பாவில் பரவலானது நான்காம் எண் எனப்படும் வகை. இடம், வலம், கீழ் என மூன்று பக்கத்திலிருந்தும் தடித்த பட்டைகள் உள்நோக்கி வரும், நடுவில் மெல்லிய கோடுகள் குறுக்கிடும். அந்த மெல்லிய கோடுகள் பகலில் கச்சிதமாக இருக்கும். நள்ளிரவில் கறுத்த பன்றியின் உடம்பில் பட்டதும் காணாமல் போய்விடும். அதற்காகத்தான் நடுவில் ஒளிரும் செம்புள்ளி. இதை வாங்கும்போது எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்று பார்ப்பதைவிட, எவ்வளவு மங்கலாக்க முடிகிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். பகல் வெளிச்சத்தில் கடையில் அழகாகத் தெரியும் புள்ளி, இருட்டில் கண்ணைக் கூசவைத்துப் பன்றியையே மறைத்துவிடும். முடிந்தால் மாலை மங்கும் நேரத்தில் கடை வாசலுக்கு வந்து, தெருக்கோடியின் நிழலைப் பார்த்து இரண்டு மூன்று ஸ்கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நண்பகலில் எல்லா ஸ்கோப்பும் நல்ல ஸ்கோப்தான்.

கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியைப் பலர் கவனிப்பதே இல்லை. வேட்டை ஸ்கோப்பில் அது ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர். துப்பாக்கி உதைக்கும்போது ஸ்கோப் பின்னால் வரும், அதற்கு இடம் வேண்டும். மேட்டை நோக்கிச் சரிந்து படுத்துச் சுடுகிறவர்கள் தங்களை அறியாமல் முகத்தை முன்னால் தள்ளிவிடுவார்கள். குண்டு போன அடுத்த கணம் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு மேல் பிறை வடிவில் கிழித்திருக்கும். அந்தத் தழும்போடு திரிபவர்களை வேட்டைக்காரர் கூட்டத்தில் கேலி செய்யாமல் விடுவதில்லை.

ஸ்கோப்பை நல்லதாக வாங்கிவிட்டு, அதைத் துப்பாக்கியோடு பிடிக்கும் வளையங்களில் கஞ்சத்தனம் காட்டுகிறவர்களும் உண்டு. எனக்குப் புரியாத சிக்கனம் அது. வளையம் தளர்ந்தால் ஸைஸ் ஸ்கோப்பானாலும் சரி, ஸ்வரோவ்ஸ்கி ஸ்கோப்பானாலும் சரி, குறி தவறும். ஸ்கோப் உள்ளபடியே நம்பகமானதா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. சுடுகளத்தில் 100 மீட்டரில் தாளை வைத்து, ஒரே புள்ளியைக் குறிவைத்தபடி முதலில் சுட வேண்டும். பிறகு குறியை நகர்த்தும் திருகை மேலே 20 சொடுக்கு, வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20 என்று நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் சுட வேண்டும். ஐரோப்பிய ஸ்கோப்பில் ஒரு சொடுக்கு 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர். கடைசிக் குண்டு முதல் குண்டின் பக்கத்திலேயே விழ வேண்டும். விழவில்லையென்றால் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பாதுகாப்பு விஷயமும் ஒன்று. தூரத்தில் அசைவது என்ன என்று பார்க்க ஸ்கோப்பைத் தூக்கக் கூடாது. ஸ்கோப் பார்க்கும் பக்கம்தான் குழலும் பார்க்கிறது, அங்கே நிற்பது காளான் பறிக்க வந்தவராகவும் இருக்கலாம். பார்ப்பதற்குக் கழுத்தில் தொங்கும் பைனாகுலர், சுடுவதற்கு ஸ்கோப். இரண்டுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் 2020 கொஞ்சம் கலைத்துவிட்டது. ஜெர்மனி தன் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஸ்கோப்பின் முன்னால் மாட்டிக்கொள்ளும் இரவுக்காட்சிக் கருவிகளை வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. எந்த விலங்குக்கு, எப்படி என்பதை மாநிலச் சட்டங்கள் முடிவுசெய்கின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் பிராண்டன்பர்க் மாநிலத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டதும், காட்டுப்பன்றிகளைக் குறைக்க வேண்டும் என்ற நெருக்கடி கூடியது.

இந்த இரவுக்காட்சிக் கருவிகளில் வெப்பத்தை உணர்ந்து காட்டும் வகைக்கு நிலா வேண்டாம். அதனால் 7 மி.மீ. கணக்கும் பொருளிழந்துவிடுகிறது. ஸ்கோப் அந்தக் கருவியின் சின்னத் திரையைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. மடங்கைக் கூட்டினால் படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். எட்டிலேயே நிற்கும் பழைய ஸ்கோப்பில் மடங்கைக் குறைக்க வழியில்லை. இரண்டிலோ இரண்டரையிலோ தொடங்கும் ஸ்கோப்பைத் தேடுகிறவர்கள் அதிகமாகியிருப்பது இதனால்தான். கருவியை மாட்டியதும் குண்டு விழும் இடம் ஓரிரு அங்குலம் நகர்வதும் உண்டு. ஆகவே அதை மாட்டியும் கழற்றியும் சுடுகளத்தில் சுட்டுப் பார்க்காமல் யாரும் பரணில் ஏறக் கூடாது.