பத்தாவது பிள்ளைக்கு இடமில்லை

நான், கிண்டியிலுள்ள தனியார் கம்பெனியில், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் குடும்பத் தலைவி. வீடு மந்தைவெளியில். கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. காலை, 7:00 மணிக்கே கிளம்பி விடுவார். மகள் மயிலாப்பூர் பள்ளியிலும், மகன் அடையாறு பள்ளியிலுமாகப் படித்த நாட்களில் நான் பட்ட பாடு, வேலைக்குப் போகும் வாசகியருக்குத் தெரியும்.

பள்ளி ஆட்டோவில் பத்துப் பிள்ளைகள். டிரைவர் சீட்டின் இருபுறமும் இரண்டு வாண்டுகள். புத்தகப் பைகள் வெளியே தொங்கும். கேட்டால், 'எல்லா ஆட்டோவும் இப்படித்தாம்மா ஓடுது...' என்பார். அதுவும் திடீர் திடீரென வராது. 'உங்க பொண்ணை இன்னும் யாரும் கூட்டிட்டுப் போகலை மேடம்...' என, பள்ளியிலிருந்து போன் வந்தால், பெர்மிஷன் போட்டு ஓட வேண்டும். மாதம் இரண்டு நாள் சம்பளம் இதிலேயே போனது.

அந்தச் சமயத்தில் தான், மும்பை ரேவதி ராயைப் பற்றிப் படித்தேன். கணவர் நினைவிழந்து மாதக் கணக்கில் படுக்கையில் கிடக்க, சேமிப்பெல்லாம் கரைந்தது. கார் ஓட்டத் தெரிந்திருந்ததால், விமான நிலையத்தில் டாக்சி ஓட்டினார். கணவர் இறந்த பின், 2007ல், பெண்களே ஓட்டும், 'போர்ஷ்' டாக்சி நிறுவனத்தைத் துவங்கினார். 'தெரிஞ்ச வேலையிலிருந்து தானே தொடங்கியிருக்காங்க...' என்று கணவரிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்தது கணக்கு. வண்டி ஓட்ட ஆள் வேண்டும், அவ்வளவு தானே!

எங்கள் தெருவில், தையல் வேலை செய்து கொண்டிருந்தார் ஓர் அக்கா. கணவர் இருந்தபோது, அவருடைய லோடு ஆட்டோவை மாற்றி மாற்றி ஓட்டியவர்; லைசென்சும் இருந்தது. அவர் சம்மதித்ததும், 2019ல், கடன் வாங்கி, ஏழு பேர் அமரும், மாருதி ஈக்கோ வண்டி எடுத்தேன். மஞ்சள் போர்டு, பர்மிட், எப்.சி., இன்சூரன்ஸ் என, ஒன்று விடாமல் வாங்கினேன். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியில், காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்சிலும் சிக்கல். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

'ஏம்மா... நாலு பிள்ளைங்கள ஏத்தி எறக்க ஒரு கம்பெனியா?' என்றார், மாமியார்.

ஒன்பது மாதம் நன்றாக ஓடியது. 2020 மார்ச்சில், கொரோனாவால் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது, 2021 நவம்பர் 1ல் தான். இருபது மாதம், வண்டி வாசலிலேயே நின்றது. ஆறு மாதம் தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால், வட்டி ஓடிக் கொண்டே இருந்தது. என் சம்பளத்திலும் பாதியைப் பிடித்து விட்டனர். இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. 'வித்துடலாமா?' என்றார் கணவர். அக்காவோ, வாரம் ஒருமுறை வந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணி, துடைத்து வைத்து விட்டுப் போவார். விற்க மனம் வரவில்லை. தெருவிலிருந்த பெரியவர் ஒருவரை, வாரம் மூன்று நாள் டயாலிசிசுக்கு அழைத்துப் போய் வரும் வேலை கிடைத்தது. பெட்ரோலுக்கும், அக்காவுக்கு ஏதோ கொஞ்சம் கொடுப்பதற்கும் அது ஆயிற்று.

நம் ஊர்ப் பிரச்னை என்று தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீசிலும், 2014ல், மூன்று வேலைக்காரத் தாய்மார்கள், அவர்களுக்குள் எட்டுப் பிள்ளைகள், இதே அவஸ்தையில், 'ஹாப் ஸ்கிப் டிரைவ்' என்ற நிறுவனத்தைத் துவங்கியிருக்கின்றனர். வண்டி ஓட்டுபவருக்கு, ஐந்தாண்டாவது பிள்ளைகளைப் பராமரித்த அனுபவம் வேண்டுமாம். நம் அக்கா, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். அங்கே கூடத் தேறி விடுவார்! சான்பிரான்சிஸ்கோவில் இதே தொழிலில் இறங்கிய, 'ஷட்டில்' என்ற நிறுவனமோ, 2016ல் மூடப்பட்டது. பிள்ளைகளை ஏற்றி இறக்குவதில் அப்படியொன்றும் பணம் கொட்டாது. எனக்கும், டிரைவர் சம்பளம், தவணை, பெட்ரோல் போக, மாதம் நாலாயிரம், ஐயாயிரம் நின்றால் பெரிது. வேலையை விடாததற்கு அதுவே காரணம்.

சங்கடமும் இந்தப் பணத்தில் தான். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்றால், இருக்கைக் கணக்கில் ஒன்றரை மடங்கு ஏற்றலாம். டிரைவர் போக ஆறு இருக்கை. ஆக, ஒன்பது பிள்ளைகள். கடந்த ஆண்டு, பக்கத்து வீட்டு அம்மா, தன் மகனையும் ஏற்றிக் கொள்ளச் சொன்னார். 'சின்னப் பையன் தானே... மடியில வெச்சுக்கிட்டா ஆச்சு. மாசம் 2,000 ரூபாய் தரேன்...' என்றார். வளையல் மீட்கப்படாத நேரம்; 2,000 ரூபாய் பெரிய தொகை தான். ஆனால், 2012ல், தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து, ஒரு சிறுமி இறந்தது, நம்மில் யாருக்கு மறக்கும்? அந்தப் பேருந்தும், தினம் ஓடிக் கொண்டிருந்த வண்டி தான். 'முடியாதுங்க' என்று சொல்லி விட்டேன். கணவருக்கே வருத்தம்.

ஒவ்வொரு பிள்ளையும் இறங்கியதும், அக்கா என் போனுக்கு ஒரு, 'மிஸ்டு கால்' கொடுப்பார். ஒன்பது வந்தால் தான், மதியம் டிபன் பாக்சைத் திறப்பேன். மெட்ரோ ரயில் வேலைக்காக ஆர்.கே.மடம் சாலையில் போக்குவரத்தை மாற்றி விட்ட நாட்களில், ஒன்பதாவது அழைப்பு வருவதற்குள் சாப்பாடு ஆறிப் போகும்.

பக்கத்து வீட்டு அம்மா, இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வரும் ஜூனில், ஒரு பெண் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகிறாள். ஓர் இடம் காலியாகிறது. சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, மந்தைவெளி, சென்னை-28.