பாத்திக் துணியில் வாங்கிய நிலம்

நம் புதுச்சேரி குருசுக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், சென்னையை நெருங்கும்போது ஈஞ்சம்பாக்கம் வரும். சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கேதான் இருக்கிறது. 1966-இல் தொடங்கியது.

ஓவியம் விற்று மட்டும் குடும்பம் நடத்த முடியாத காலம் அது. கிராமத்தைத் தொடங்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்றார்கள். மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை உருக்கி எடுக்கும் பொறுமையான வேலை. அந்த வருமானத்தில் நிலம் வாங்கினார்கள். வீட்டுச் செலவுக்குக் கைத்தொழில் இருந்ததால், வாங்குபவரின் விருப்பத்துக்கு வரைய வேண்டியிருக்கவில்லை. ஜாதகக் கட்டங்களும் எழுத்துகளும் நிறைந்த பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையில் அந்தச் சுதந்திரம் அழகாகத் தெரியும்.

அடுத்தமுறை சென்னை போகும்போது, வழியில் இறங்கி அவசியம் பாருங்கள்.