குஸ்துல் ஹிந்தி: வேர் வேறு, எண்ணெய் வேறு

நாட்டு மருந்துக் கடைகளில் 'கோஷ்டம்' என்று விற்கப்படும் வேரைத்தான் ஹதீஸ்களில் வரும் குஸ்துல் ஹிந்தி என்று பொதுவாக அடையாளம் காண்கிறோம். இதில் ஏழு நிவாரணங்கள் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. அதனால் நம்மில் பலர் 'குஸ்து எண்ணெய்' என்ற சிறு குப்பிகளையும் நம்பிக்கையோடு வாங்குகிறோம். அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்து கொள்வது நல்லது.

கோஷ்டம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. காஷ்மீர், இமாச்சலம் போன்ற இமயமலைப் பகுதிகளில் உயரமான இடங்களில் வளர்கிறது. உலர்ந்த வேரை நீராவியில் வடித்தால் அதன் நறுமண எண்ணெய் பிரிந்து வரும். நிறைய வேருக்குக் கொஞ்சம் எண்ணெய்தான் கிடைக்கும். ஆக, ஒரு துளி எண்ணெயில் இருப்பது வேரின் செறிந்த சாரம்.

இதில் பல சேர்மங்கள் உள்ளன. முக்கியமானவை காஸ்டுனோலைடு, டீஹைட்ரோகாஸ்டஸ் லாக்டோன் என்ற இரண்டு லாக்டோன்கள். முதலாவதின் வாய்பாடு சி15எச்20ஓ2. இரண்டாவதில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு குறைவு. விளைந்த இடம், வேரின் வயது, வடிக்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்து இவற்றின் அளவு மாறும்.

ஆய்வுக்கூடங்களில் வீக்கத்தைத் தணிக்கும் தன்மை இந்த லாக்டோன்களில் காணப்பட்டுள்ளது. ஆனால் இதே லாக்டோன்கள் தோலில் உள்ள புரதங்களோடு பிணைந்து கொள்ளும். அதை உடல் அந்நியப் பொருளாகக் கருதுவதால் அரிப்பும் தடிப்பும் உண்டாகலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பின்னர் சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். இதனால்தான் சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா, கோஷ்ட எண்ணெயை வாசனைப் பொருட்களில் சேர்ப்பதைத் தடை செய்துள்ளது.

ஹதீஸில் சொல்லப்பட்டது வேர். வடித்தெடுத்த சாரம் அல்ல. இந்த வேறுபாட்டை மறந்து, குழந்தைகளின் மூக்கில் எண்ணெயை விடுவதும் தோலில் நேரடியாகத் தேய்ப்பதும் கூடாது. குப்பியில் இருப்பது வடித்த எண்ணெயா, ஆலிவ் எண்ணெயில் வேரை ஊறவைத்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். ஊறவைத்த எண்ணெயிலும் லாக்டோன்கள் இறங்கியிருக்கும் என்பதால் மருத்துவரிடம் கேட்பதே பாதுகாப்பு.

இன்னொன்று: காட்டிலிருந்து அளவுக்கு மீறித் தோண்டியதால் இந்தச் செடி அழியும் நிலைக்கு வந்து, 1985 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. எனவே பயிரிட்டு எடுத்த வேரையே கேட்டு வாங்குவோம். மருந்தாக அல்லாஹ் தந்ததை அளவறிந்து பயன்படுத்துவதும், அது அழிந்து போகாமல் காப்பதும் நம் பொறுப்பு.