ராட்டினத்தில் ஏறும் உரிமையும் ஏற்றுபவரின் பொறுப்பும்

கோடை விடுமுறை வந்தால் திருச்சியில் ஏதாவது ஒரு மைதானத்தில் பொருட்காட்சி வந்து இறங்கிவிடும். ராட்சத ராட்டினம், கொலம்பஸ், டோரா டோரா, டெல்லி அப்பளம். ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பேருந்து ஏறி வருவார்கள். அந்தக் கூட்டத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒன்று வந்து ராட்டினத்தில் ஏற ஆசைப்பட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. "வேணாம்மா, ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று திருப்பி அனுப்புவார்கள். இல்லையென்றால் மனம் இரங்கி, "பரவால்ல, நீங்க கெட்டியா புடிச்சுக்குங்க" என்று ஏற்றிவிடுவார்கள்.

இரண்டுமே தவறு. முதலாவது அந்தப் பிள்ளையின் உரிமையைப் பறிக்கிறது. இரண்டாவது உயிரையே பறிக்கக்கூடியது.

ராட்டினம் நம்மை எப்படிப் பிடித்துவைக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். வேகமாக ஏறி இறங்கும் ரோலர் கோஸ்டரில், மேட்டைத் தாண்டிய நொடியில் உடல் இருக்கையை விட்டு மேலே எழும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது மடிமேல் வந்து பூட்டிக்கொள்ளும் கம்பி. அது அழுத்துவது தொடையையும் இடுப்பையும். தொடை இல்லாதவருக்கு அந்தக் கம்பி பூட்டியிருந்தும் பூட்டாததற்குச் சமம். தோள்வழியாக இறங்கும் பூட்டு வேறு வகை. அதற்குத் தோளும் மார்பும் சரியான அளவில் இருக்க வேண்டும். உயரக் கட்டுப்பாடு வைப்பதும் இதனால்தான். கழுத்தை நிலையாக வைத்திருக்க முடியாதவருக்குக் குலுக்கும் ராட்டினம் ஆபத்து. செயற்கைக் கால் கழன்று விழுந்தால் கீழே நிற்பவருக்கு ஆபத்து. ஆனால் காது கேளாத ஒருவருக்கு இவற்றில் எதுவுமே பொருந்தாது. அவருக்குத் தேவை, ஒலிபெருக்கியில் சொல்வதைக் கையசைவிலோ எழுத்திலோ சொல்ல ஒருவர். பார்வையற்றவருக்கும் பெரும்பாலும் அப்படித்தான்: ஏறும் முன் இருக்கையையும் பூட்டையும் தொட்டுக் காட்டி, எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சொன்னால் போதும். 'மாற்றுத்திறனாளிகளுக்கு அனுமதி இல்லை' என்ற ஒற்றை வரிப் பலகை இவர்கள் எல்லோரையும் ஒரே கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

இரக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கொடுமையான சாட்சி உண்டு. 2011 ஜூலை 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் டேரியன் லேக் பூங்காவில், ஈராக் போரில் இரு கால்களையும் இழந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் 'ரைட் ஆஃப் ஸ்டீல்' என்ற ரோலர் கோஸ்டரில் ஏறினார். இரண்டு கால்களும் உள்ளவர்களே ஏற வேண்டும் என்று பூங்காவின் விதியே சொன்னது. ஊழியர்கள் தடுக்கவில்லை. ஓட்டத்தின் நடுவே அவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார். வயது 29. நாட்டுக்காகக் கால்களைக் கொடுத்தவரிடம் 'நீங்கள் ஏறக்கூடாது' என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதனால்தான் அந்த முடிவை வாசலில் நிற்கும் ஊழியரின் மனதுக்கு விடக்கூடாது என்கிறேன். ராட்டினத்தைச் செய்தவரும் நடத்துபவரும் முன்கூட்டியே யோசித்து, எழுதி, ஊழியருக்குப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும்.

மறுப்பதற்கும் வரம்பு உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 3-ஆம் பிரிவில், ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. நியாயமான ஒரு நோக்கத்துக்காக, அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே விலக்கு. அதை நிரூபிக்கும் சுமை மறுத்தவருடையது. அதே 2016-இல் ஜீஜா கோஷ் வழக்கில், ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. பெருமூளை வாதம் உள்ள அவரை 2012-இல் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். கேட்டால் பாதுகாப்பு என்றார்கள். 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. விமானத்துக்குச் சொன்ன நியாயம் ராட்டினத்துக்கும் பொருந்தும். அமெரிக்கச் சட்டமும் பாதுகாப்பு விதி உண்மையான ஆபத்தின் மேல் நிற்க வேண்டும், ஊகத்தின் மேல் அல்ல என்கிறது. ஒரு கை இல்லாதவரை ஆர்லாண்டோவில் நீர்ச்சறுக்கு ஒன்றில் ஏற்ற மறுத்த வழக்கில், மாநில விதியைப் பின்பற்றினோம் என்று சொல்வது மட்டும் போதாது என 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் ஊரில் பொறுப்பு என்ற பேச்சு வந்தால் 'விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற பலகையைக் காட்டுவார்கள். அந்தப் பலகைக்கு அவ்வளவு வலிமை கிடையாது. கட்டணம் வாங்கியவர் சேவை தருபவர். அலட்சியத்தால் காயம் நேர்ந்தால் நுகர்வோர் ஆணையத்தில் அவர் பதில் சொல்லியாக வேண்டும். கொச்சி வீகாலாண்ட் பூங்காவில் 2002-இல் ராட்டினத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட திருச்சூர் இளைஞர் சக்கர நாற்காலியில் முடங்கினார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இழப்பீட்டுக்காக அவர் கேரள உயர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. பூங்கா நடத்தியவர்களை நீதிபதி கடுமையாகக் கண்டித்தார். நல்ல உடலோடு உள்ளே போனவர் அவர். இதை நாம் பேசுவதே இல்லை. ராட்டினம் நடத்துபவரின் அலட்சியம் ஊனத்தை உண்டாக்கவும் செய்கிறது.

இன்னொன்று, நடுவானில் நின்றுவிட்டால் என்ன செய்வது? 2025 மே மாதம் சென்னை ஈசிஆரில் உள்ள விஜிபி பூங்காவில் ராட்டினம் ஒன்று உயரத்திலேயே நின்றது. சிறுவர்கள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் தவித்தார்கள். தீயணைப்புத் துறையினர் ஸ்கைலிஃப்ட் கொண்டுவந்து இறக்கினார்கள். நடக்க முடியாத ஒருவர் அதில் இருந்தால் அவரை எப்படி இறக்குவது என்று ராட்டினம் ஓடத் தொடங்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அப்படித் தீர்மானிக்காத நிர்வாகத்துக்கு எவரையும் ஏற்றத் தகுதியில்லை.

ஏறுபவருக்கும் கடமை உண்டு. வலிப்பு, இதய நோய், முதுகு அறுவைச் சிகிச்சை, செயற்கை உறுப்பு எதையும் மறைக்கக்கூடாது. ஆனால் உண்மையைச் சொன்னால் எல்லாவற்றிலிருந்தும் விரட்டுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை மக்கள் மறைக்கத்தான் செய்வார்கள்.

வேறு வழி இல்லாமல் இல்லை. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 2010-இல் திறந்த மார்கன்ஸ் வொண்டர்லேண்டில் சக்கர நாற்காலியோடே குடைராட்டினத்தில் ஏறலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. அவ்வளவு பெரிய செலவை நம் பொருட்காட்சிக்காரரிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும், உடலின் எந்தப் பகுதியை அது எப்படிப் பிடிக்கிறது, யார் ஏறக்கூடாது, ஏன் என்று தமிழில் ஒரு பலகை வைக்கச் சொல்கிறோம். உரிமம் தரும் அதிகாரிகள் இதை நிபந்தனையாகவே சேர்க்கலாம். பொது இடங்களில் பாதுகாப்பைக் கேட்காமல் விட்டதன் விலை ஸ்ரீரங்கத்துக்குத் தெரியும்: 2004 ஜனவரியில் அங்கே ஒரு திருமண மண்டபத்தில் பிடித்த தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அடுத்த பொருட்காட்சியில் உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது ராட்டினத்தைப் பற்றிய காரணமாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையின் ஊனம் மட்டுமே காரணம் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் மாநில ஆணையரிடமும் புகார் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு.