சிந்துபாத் இன்னும் வீடு திரும்பவில்லை!

கோர்ட்டில் ஒரு வழக்கு வருடக்கணக்கில் இழுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? "இது கன்னித்தீவு கதைதான்!" என்கிறார்.

மாப்பிள்ளை வீட்டார் நகைப் பேச்சை முடிக்காமல் நீட்டுகிறார்கள். அதுவும் கன்னித்தீவு கதைதான்.

இந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. ஒரு படக்கதை, பழமொழி ஆகிவிட்டது!

அந்தப் படக்கதை 1960-ம் ஆண்டு "தினத்தந்தி"யில் ஆரம்பமானது. "கணு" என்ற ஓவியர் படம் வரைந்தார். பிறகு ஓவியர்கள் மாறினார்கள். கதை நிற்கவில்லை. 20 ஆயிரம் நாட்களைத் தாண்டியும் போய்க்கொண்டே இருக்கிறது.

கதாநாயகன் சிந்துபாத், அரபுக் கதையில் வருகிறவன். பாக்தாத் நகரத்து வியாபாரி. "ஆயிரத்தொரு இரவுகள்" கதையில் அவன் 7 முறைதான் கடலில் போகிறான். பிறகு கை நிறையப் பணத்தோடு வீட்டில் உட்கார்ந்துவிடுகிறான்.

நம் சிந்துபாத்துக்கு அந்த யோகம் இல்லை! மூசா என்ற மந்திரவாதி, அழகி லைலாவைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிட்டான். அவளுக்குப் பழைய உருவம் கிடைக்க வேண்டும். அதற்காகச் சிந்துபாத் அவளையும் சுமந்துகொண்டு தீவு தீவாக அலைகிறான்.

எழுத்துக் கூட்டிய பையன்

1961-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நம் மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மூன்று பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள்.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். வயது 70-ஐத் தாண்டிவிட்டது. மாங்காய்ப் பூட்டு செய்வதில் கைதேர்ந்தவர். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கையால் பூட்டு செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.)

அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பட்டறையில் அரம் பிடிக்கச் சேர்ந்தார். அங்கே தினமும் ஒரு பத்திரிகை வரும். "டேய், சிந்துபாத் என்ன ஆனான், படி!" என்பாராம் முதலாளி.

"எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் தம்பி படிப்பேன். படத்தைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு எழுத்து வேண்டுமே! அப்படித்தான் எனக்குப் படிப்பு வந்தது" என்றார்.

கதை ஏன் இப்படிப் பிடித்தது என்று கேட்டேன்.

"கடைசிக் கட்டத்தில் கதையைப் பூட்டிவிடுவார்கள். சாவி மறுநாள் பேப்பரில் இருக்கும்" என்றார். பூட்டுக்காரர் அல்லவா!

உலை வைத்த கதை

பழைய பேப்பரை முதலாளி அவருக்கே கொடுத்துவிடுவார். அவர் கன்னித்தீவை மட்டும் வெட்டி எடுப்பார். மைதா பசை காய்ச்சி, பழைய கணக்கு நோட்டில் ஒட்டுவார். கோணி ஊசியால் தைப்பார். இப்படி 11 நோட்டுகள் சேர்ந்தன. அட்டையில் "1-ம் பாகம்", "2-ம் பாகம்" என்று நம்பர் வேறு!

இப்போது இருப்பவை 4.

மற்றவை எங்கே? அலிகார் பூட்டுகள் மலிவாக வந்து குவிந்த காலம். பட்டறையில் வேலை குறைந்தது. ஒரு மழைக்காலத்தில், இவர் வெளியூர் போயிருந்தபோது, மனைவி 7 நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்.

"கோபம் வரவில்லையா, ஐயா?"

"அந்தக் காசில்தான் அன்றைக்கு உலை வைத்தாள். எப்படித் தம்பி கோபித்துக்கொள்வது?"

சிறிது நேரம் அவர் வேறு எதுவும் பேசவில்லை.

ஜப்பான் சிந்துபாத்

அந்த வீட்டில் இன்னொரு கதைப் பிரியர் இருக்கிறார். அவருடைய பேத்தி. எட்டாம் வகுப்பு மாணவி. அவள் கையில் இருந்தது "ஒன் பீஸ்" என்ற ஜப்பானியப் படக்கதையின் முதல் பாகம். ஆங்கிலத்தில் வந்தது. தோழியிடம் இரவல் வாங்கியிருக்கிறாள்.

தாத்தா அதைப் பிரித்தார். "தாத்தா, அது கடைசிப் பக்கம்!" என்று கத்தினாள் பேத்தி. ஜப்பான் புத்தகத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நமக்குக் கடைசிப் பக்கம், அவர்களுக்கு முதல் பக்கம்!

இதுவும் கடல் கதைதான். லூஃபி என்ற பையன் ஒரு மாயப் பழத்தைத் தின்றுவிடுகிறான். உடம்பு ரப்பர் போல நீள்கிறது. ஆனால் அன்று முதல் அவனால் நீந்த முடியாது! நீந்த முடியாத அவன், கப்பல் தலைவனாகிப் புதையல் தேடிப் போகிறான்.

எய்ச்சிரோ ஓடா என்பவர் 1997-ம் ஆண்டு இதைத் தொடங்கினார். 5 ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். 2021-ல் 100-வது பாகம் வந்தது! வாரப் பத்திரிகையில் வரும் அத்தியாயங்களைச் சேர்த்துப் பாகம் பாகமாகப் புத்தகம் போடுகிறார்கள். 2022-ம் ஆண்டுக்குள் உலகம் முழுவதும் 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகிவிட்டன.

"இதுவும் முடியவில்லையா? நம்ம சிந்துபாத்துக்குத் தம்பிதான்!" என்று சிரித்தார் பெரியவர்.

பேத்தி விடவில்லை. "லூஃபி கப்பலில் ஆளாளுக்கு ஒரு ஆசை இருக்கிறது, தாத்தா. உங்கள் லைலா மட்டும் ஏன் சும்மா கையில் உட்கார்ந்திருக்கிறாள்?"

நல்ல கேள்வி! தாத்தாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. கன்னித்தீவைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். போன தீவில் வந்த பூதமே, பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த தீவிலும் வரும்! ஆனாலும் மறுநாள் பேப்பர் வந்ததும் கண் அங்கேதான் போகும்.

காணாமல் போன 7 பாகம்

இப்போது பேத்தி, இருக்கிற நோட்டுகளைப் பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்து வருகிறாள். மைதா பசைக்குப் பூச்சி வரும். தொட்டால் காகிதம் உதிர்கிறது.

எடைக்குப் போன பாகங்களைத் தாத்தா நினைவிலிருந்து சொல்கிறார். அவள் எழுதிக்கொள்கிறாள். அதில் அடிக்கடி தகராறு!

"நேற்று அந்தப் பூதத்துக்கு ஒற்றைக் கண் என்று சொன்னீர்கள். இன்றைக்கு மூன்று கண் என்கிறீர்களே?"

"எழுது தாயி, எழுது. அது வேறு பூதம்!"

இரண்டு நோட்டுகளைப் படம் எடுத்து முடித்துவிட்டாள். மூன்றாவது நோட்டில் 40 பக்கங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. அந்தப் பக்கங்களையும் தாத்தாதான் சொல்ல வேண்டும்.